வெயிலிடம் இரண்டு வேலை கேட்டவர்

ரூத் மனோன்மணி வியாழக்கிழமை விடியற்காலையில் கோவை கணபதியில் தன் வீட்டில் காலமானார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. மாரடைப்பு என்று வந்து பார்த்த மருத்துவர் சொன்னார். இதை எனக்குத் தொலைபேசியில் தெரிவித்தவர் அவருடைய ஒரே மகள் ஷீலா.

"தூக்கத்துலயா?" என்று கேட்டுவிட்டேன். துக்கம் சொல்ல அழைத்தவரிடம் கேட்கக்கூடிய கேள்வி அல்ல. ஆனால் ஷீலாவுக்குப் புரிந்தது.

"ஆமாங்க அங்கிள். எங்களுக்கும் அதுதான் நம்ப முடியலைங்க. அம்மா ஒரு எடத்துல அசையாம இருந்து நாங்க பார்த்ததே இல்லீங்களே."

அவரை அறிந்த உங்களில் பலர் அன்று மாலை கல்லறைத் தோட்டத்தில் இருந்தீர்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. போதகர் ஜெபத்தை முடிப்பதற்குள் பலருடைய குடைகள் ஷீலாவின் தலைக்கு மேலே வந்து சேர்ந்துவிட்டன. வர முடியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. அன்று மதியம் வந்த மற்றொரு அழைப்புக்கு என்னிடம் பதில் இல்லை.

அழைத்தவர் அந்தோணியம்மாள். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஒரு சிறிய மீனவர் குடியிருப்பைச் சேர்ந்தவர். கருவாடு காயவைத்து விற்கிறார். அங்குள்ள பெண்கள் குழுவுக்குத் தலைவி.

"இஞ்சினியரம்மா செத்துட்டாங்கன்னு சொல்றாங்களே, நெசமா சார்?"

நிஜம் என்றேன். சற்று நேரம் அழுகை மட்டும் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அழுதுக்கிட்டேதான் கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. எங்க மிஷின் திரும்பி வருமா?" என்றார்.

அவர் கேட்ட மிஷின் அந்த நேரத்தில் கணபதியில், ரூத் வாடகைக்கு எடுத்திருந்த ஷெட்டில், பாகம் பாகமாகப் பிரிந்து கிடந்தது. அது வரும்வரை அந்தக் குடியிருப்பின் பெண்கள் மறுபடியும் டேங்கர் லாரி வரும் சாலையில் குடங்களோடு நிற்கிறார்கள்.

அது என்ன மிஷின் என்று சொல்லிவிடுகிறேன். சோலார் பேனல்களை இப்போது நம் ஊரில் தெருவுக்குத் தெரு மொட்டைமாடிகளில் பார்க்கலாம். தன்மேல் விழும் வெயிலில் ஒரு சிறு பங்கைத்தான் பேனல் மின்சாரமாக்குகிறது. மீதியில் பெரும்பகுதி சூடாகி அதிலேயே தங்குகிறது. பேனல் சூடேற ஏற, வரும் மின்சாரமும் குறைகிறது. ரூத் பேனல்களின் முதுகில் மெல்லிய செம்புக் குழாய்களைப் பொருத்தி அவற்றில் தண்ணீரை ஓடவிட்டார். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்ள, பேனல் குளிர்ந்தது. சூடான அந்தத் தண்ணீர், ஒரு மூடிய பெட்டிக்குள் வேறு குழாய் வழியாக வரும் கடல்நீரைச் சூடாக்கியது. கடல்நீரிலிருந்து எழும் ஆவியை ஒரு மின்விசிறி குளிர்ந்த தகடுகள் பக்கம் தள்ளியது. அங்கே சொட்டுச் சொட்டாக இறங்கியது குடிநீர். உப்பு பின்தங்கியது. பம்பும் விசிறியும் அதே பேனலின் மின்சாரத்தில் ஓடின. மிஞ்சிய மின்சாரம் வேறு வேலைக்கு.

"இதுல நான் ஒண்ணும் கண்டுபிடிக்கலைங்க" என்று, நாளிதழுக்காக நான் பேட்டி எடுக்கப் போன முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். "ஒலகத்துல எத்தனையோ பேர் செஞ்சு பார்த்துட்டாங்க. கோயமுத்தூர் கடையில கெடைக்கற சாமான்ல செய்யமுடியுமான்னுதான் பாக்கறேன். கண்டுபிடிச்சார்னு எழுதிப்போடாதீங்க."

பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் வெகுகாலம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்ற சொல்லை யாராவது அவர் எதிரில் சொன்னால் முகம் மாறும். ரங்கசாமி என்பவருடைய பம்புத் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். அங்கே ஒரே ஒரு ஸ்டூல். அதன்மேல் டீ டம்ளர் இருக்கும்; அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேட்டி வேண்டுமென்றால் கூடவே நடக்க வேண்டும். பேனலைச் சுற்றி வருவார், குழாயின் மேல் புறங்கையை வைப்பார், எடுப்பார், அடுத்த குழாய்க்குப் போவார். பாதி வாக்கியம் ஷெட்டின் இந்த முனையில், மீதி அந்த முனையில். "இப்படி நடந்துக்கிட்டே இருந்தா உங்களுக்குக் கால் வலிக்காதா?" என்று கேட்டதற்கு, "உக்காந்தா மண்டை வலிக்குதுங்க. எது தேவலை?" என்றார்.

தாராபுரம் பக்கத்தில் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். மிஷன் பள்ளியில் படித்தார். சிறு வயதில் தண்ணீருக்குப் பட்ட கஷ்டம்தான் இந்த முயற்சிக்கு வித்திட்டதா என்று ஒருமுறை கேட்டேன். பத்திரிகைக்காரர்கள் கேட்கும் கேள்விதான் அது. அவர் நடையை நிறுத்தவில்லை.

"அமராவதி வாய்க்கால் பக்கத்துலயே இருந்துச்சுங்க. எந்தப் பக்கத்துப் படியில எறங்கினோம்னு கேக்காதீங்க, அது வேற கதை. தண்ணி இருந்துச்சு. எங்கம்மாவைப் படுத்துனது வெயிலுங்க. மத்தியானத்துல களையெடுத்துட்டு வந்தா அந்த ஒடம்பு அடுப்புல வெச்ச சட்டி மாதிரி இருக்கும். இத்தனை சூட்டையும் வாங்கி என்ன செஞ்சோம்? ஒண்ணுமே செய்யலை. அந்தக் கோவம்தானுங்க."

கடலே இல்லாத ஊரில் கடல்நீரை வைத்துக்கொண்டு எப்படிப் பரிசோதிப்பது? தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்துப் பார்க்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. உக்கடம் மீன் மார்க்கெட்டுக்கு ராமநாதபுரத்திலிருந்து வரும் மீன் லாரியின் ஓட்டுநரைப் பிடித்தார். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் டிரம்களில் கடல்நீர் வரத் தொடங்கியது. ஒருநாள் காலை நானும் கூடப் போயிருந்தேன். டிரம் இறக்கிய மார்க்கெட் சுமைதூக்கி, "ஏனுங்கக்கா, எல்லாரும் மீன் வாங்க வாராங்க. நீங்க மீனு குளிச்ச தண்ணிய வாங்கிட்டுப் போறீங்களே?" என்றார்.

"மீனை யாரு வேணும்னாலும் வாங்கிக்குவாங்க. இதுக்கு நான் ஒருத்திதான் கிராக்கி. மெதுவா எறக்குங்க" என்றார் ரூத்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த லாரி ஓட்டுநர்தான் அந்தோணியம்மாளின் கொழுந்தன். கோவையில் ஒரு அம்மா கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்குகிறார் என்ற செய்தி அவர் வழியாகத்தான் அந்தக் குடியிருப்புக்குப் போனது.

இனி, கருவியை எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டிய அந்தச் செயல்விளக்கம். அதை நேரில் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

ஷெட்டின் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். தொழிற்சாலை உரிமையாளர்கள், கல்லூரி ஆசிரியர்கள், உதவி செய்யக்கூடும் என்று எதிர்பார்த்த ஓர் அறக்கட்டளையின் பிரதிநிதிகள். நம் பகுதியில் புது மோட்டார் ஓட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பொட்டு வைத்து, பூப்போட்டு, சுவிட்சைத் தட்டியதும் எல்லோரும் குழாய் வாயைப் பார்ப்போம். தண்ணீர் பாய்ந்து தொட்டிச் சுவரில் அடிக்க வேண்டும். கை நீட்டினால் கையைத் தள்ள வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் காபி. வாழ்நாள் முழுக்க அப்படிப்பட்ட பம்புகளை வடிவமைத்தவர் ரூத். அன்று அவர் கருவியில், பேனலுக்குப் பின்னாலிருந்து திரும்பி வரும் தண்ணீர் விரல் பருமன்கூட இல்லாமல் இழுத்துக்கொண்டு வந்தது. அப்படித்தான் வர வேண்டும். மெதுவாகப் போனால்தான் தண்ணீர் நன்றாகச் சூடாகும்.

முன்வரிசையில் இருந்த ரங்கசாமி குனிந்து பார்த்தார். "ஏனுங்கம்மிணி, இதென்ன சொட்டு நீர்ப் பாசனமுங்களா?"

பந்தலில் சிரிப்பு. ரூத்தும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கை போய் வால்வை முழுக்கத் திறந்தது. தண்ணீர் பாய்ந்தது. தொட்டியில் சத்தம் கேட்டது. ரங்கசாமி கை நீட்டிப் பார்த்து, "இப்பத்தானுங்க பம்பு" என்றார். மின்சார அளவும் ஏறியது. கைதட்டினார்கள். ஆனால் வேகமாக ஓடிய தண்ணீர் சூட்டை வாங்க நேரமில்லாமல் வெதுவெதுப்பாக வந்தது. பெட்டிக்குள் ஆவி அடங்கியது. குடிநீர் வர வேண்டிய கண்ணாடிக் குவளையில் சொட்டுவது நின்றுபோனது. மறுபடி வால்வை அடைத்துச் சூடேற்றுவதற்குள் மேகம் வந்துவிட்டது. அறக்கட்டளைக்காரர்கள் காபி குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். சொல்லி அனுப்பவில்லை.

நடந்ததை எழுதினேன். கருவி எதிர்பார்த்தபடி இயங்கவில்லை என்பது செய்தியின் முதல் வரி. வெளியான அன்று காலை ரூத் அழைத்தார். குரலில் கோபம் இல்லை; வழக்கமான பரபரப்பு இருந்தது. நடந்துகொண்டே பேசுகிறார் என்று தெரிந்தது.

"செய்தி பாத்தேனுங்க. ஒரு தப்பு இருக்குது. கருவி இயங்கலைன்னு போட்டிருக்கீங்க. கருவி ஒழுங்காத்தான் இயங்குச்சு. வால்வைத் தொறந்துபோட்டது நானு. தண்ணி கம்மியா வருதேன்னு நாலு பேர் முன்னாடி எனக்கு வெக்கமாயிருச்சு. தொறந்தா என்னாகும்னு தெரிஞ்சேதான் தொறந்தேன். அதைப் போடுங்க."

இத்தனை வருடத் தொழிலில் திருத்தம் கேட்டு எத்தனையோ பேர் அழைத்திருக்கிறார்கள். பழியைத் தன்மேல் மாற்றிப் போடச் சொல்லி அழைத்தவர் அவர் ஒருவர்தான். மறுநாள் உள்பக்கத்தில் சிறிய திருத்தம் வந்தது: செயல்விளக்கத்தின்போது நீரோட்டத்தை அதிகரித்தது கருவியை உருவாக்கியவரே, குடிநீர் வருவது நின்றதற்கு அதுவே காரணம் என்று அவர் தெரிவித்துள்ளார்.

அதை யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ரங்கசாமி படித்தார். கையில் நாளிதழோடு ஷெட்டுக்கு வந்தார். "ஏனுங்கம்மிணி, அப்ப தப்பு உங்க மேலதானா? மிஷின் மேல இல்லீங்களா?"

"மிஷின் மேல இல்லீங்க. உங்க மேலயும் கொஞ்சம் இருக்குது."

"எம்மேலயா? நான் ஒரு வார்த்தைதானுங்களே சொன்னேன்."

"அந்த ஒரு வார்த்தைதானுங்க."

ரங்கசாமி நிறைய நேரம் அந்தக் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, கடற்கரையில் வைப்பதற்கு வேண்டிய பேனல்களைத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். தந்தார். அறக்கட்டளை தராததை இரண்டு வரித் திருத்தம் தந்தது என்று ரூத் பின்னாளில் என்னைக் கேலி செய்வார். அப்படித்தான் அந்தோணியம்மாளின் குடியிருப்பில், கருவாடு காயும் மணலுக்கு அருகே, கருவி நின்றது.

அங்கே இரண்டு முறை அவருடன் போனேன். முதல் முறை போனபோது தண்ணீர் நன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. வெயில் அப்படி. ஆனால் பெண்கள் அதைப் பாத்திரம் கழுவத்தான் எடுத்துப் போனார்கள். ரூத்துக்குப் பொறுக்கவில்லை.

"சுத்தமான தண்ணிங்க. பரிசோதனைச் சாலையிலயே குடிக்கலாம்னு சொல்லிட்டாங்க. ஏன் குடிக்க மாட்டேங்கறீங்க?"

"குடிச்சோமே. கெட்டதாத் தெரியல. ஒண்ணுமே இல்லாம இருக்கு" என்றார் அந்தோணியம்மாள். பிறகு, ரூத்தின் தோளில் தொங்கிய பெரிய பாட்டிலைக் காட்டி, "நீங்க எந்தத் தண்ணி குடிக்கிறீங்க இஞ்சினியரம்மா?" என்று கேட்டார்.

அது சிறுவாணித் தண்ணீர். வெளியூர் போகும்போது வீட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போவது கோவைக்காரர்கள் பலருக்கும் பழக்கம். எடுத்துப் போகிறோம் என்ற நினைவுகூட இல்லாமல் எடுத்துப் போவோம். ரூத் தன் தோளைத் தானே பார்த்தார். அன்றுதான் அவர் சிறிது நேரம் அசையாமல் நின்றதை நான் பார்த்தேன். பாட்டிலைக் கழற்றி அந்தோணியம்மாளிடம் கொடுத்தார். அவர் அண்ணாந்து ஊற்றிக் குடித்தார்.

"ஆத்தீ, இது தண்ணி. இது மாதிரி உங்க மிஷின்ல வருமா?"

"வராதுங்க" என்றார் ரூத்.

பொய் சொல்லியிருக்கலாம். சற்றுக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். அவர் செய்தது, ஒரு டம்ளரை எடுத்துப்போய்த் தன் கருவியின் தண்ணீரைப் பிடித்து முழுக்கக் குடித்ததுதான். அதுவரை அதை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாரே தவிர, தாகத்துக்குக் குடித்ததில்லை. "ஆமாங்க. சப்புன்னுதான் இருக்குது" என்று ஒப்புக்கொண்டார். அங்கிருந்த நாள் முழுக்க அதையே குடித்தார். பழைய கிணறு ஒன்றின் தண்ணீரைச் சிறிதளவு கலந்தால் ருசி வருகிறது என்று பிறகு பெண்களும் அவரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். அந்தக் கலவையையும் பரிசோதனைக்கு அனுப்பி, குடிக்கலாம் என்று வந்த பிறகுதான் குடங்கள் நிரம்பத் தொடங்கின. டேங்கர் லாரிக்காகச் சாலையில் நிற்பது நின்றது. டேங்கர் வந்தாலும் ஓரிருவர்தான் போனார்கள் என்று அந்தோணியம்மாள் சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு இருக்கும்.

இரண்டாம் முறை போனது ஒரு சண்டைக்கு நடுவே. மிஞ்சும் மின்சாரத்தில் மீன் வைக்கும் ஐஸ் பெட்டியை ஓட்டலாம் என்று ஆண்கள் கண்டுகொண்டிருந்தார்கள். வால்வைத் திறந்து தண்ணீரை வேகமாக ஓடவிட்டால் பேனல் குளிர்ந்து மின்சாரம் கூடுகிறது என்பதையும் கண்டுகொண்டார்கள். வலை பிரிக்க வருகிறவர்கள் போகிற போக்கில் வால்வைத் திறந்துவிடுவார்கள். குடத்தோடு வரும் பெண்கள் அதை அடைப்பார்கள். திறப்பதும் அடைப்பதுமாக இருந்ததில் ஐஸும் இல்லை, தண்ணீரும் இல்லை. கருவி கெட்டுவிட்டது என்று கோவைக்குத் தகவல் வந்தது.

எல்லோரும் பேனலைச் சுற்றி நின்றார்கள். "ரெண்டும் தரும்னுதானே கொண்டாந்து வச்சீங்க?" என்று ஒரு படகுக்காரர் கேட்டார்.

"ரெண்டும் தருமுங்க. ரெண்டையும் முழுசாத் தராது" என்றார் ரூத். நிற்க முடியாமல் மணலில் அங்குமிங்கும் நடந்தபடி பேசினார். "தண்ணிய வெரட்டினீங்கன்னா கரண்டு. நிதானமா விட்டீங்கன்னா குடிக்கத் தண்ணி. இது எங்கூர்ல நான் ஒருதடவை நல்லா அவமானப்பட்டுக் கத்துக்கிட்டதுங்க. எது எவ்வளவு வேணும்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லோணும்."

பேச்சு முடிகிற வழியாக இல்லை. ரூத் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து வால்வின் பித்தளைக் கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "நானே வெச்சுக்கறேன்."

அந்தோணியம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏன், நாங்க என்ன சின்னப் புள்ளைங்களா? வெளையாட்டுச் சாமானைப் புடுங்கிட்டுப் போறாப்புல போறீங்க? எங்க தண்ணி, எங்க மீனு. கொண்டாங்க இங்க."

ரூத் அவரைப் பார்த்தார். "சரிதானுங்க" என்று எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். படகுக்காரர், "போச்சு, வீட்டுக்காரிகளே அரசாங்கம்னு ஆயிருச்சு" என்றார். அவர் மனைவி அந்தக் கூட்டத்திலேயே இருந்தார். "இத்தனை நாளா யாருன்னு நெனச்சீங்க?" என்று கேட்டார். ஆண்களும் சிரித்துவிட்டார்கள். குடங்கள் நிரம்பும்வரை வால்வு சிறிதளவுதான் திறந்திருக்கும். நிரம்பிய பிறகு திறந்து ஐஸ் பெட்டிக்கு. அந்த ஏற்பாடு நீடித்தது.

திரும்பி வரும் வழியில் ரூத் என்னிடம், "கைப்பிடியை நான் கழட்டுனது ரெண்டாவது தப்புங்க. நல்லவேளை, அவங்க திட்டினாங்க" என்றார்.

கருவியை நிறுத்தியது காற்று. செம்புக் குழாயும் அலுமினியச் சட்டமும் ஒன்றையொன்று தொடும் இடங்களில் உப்புக் காற்று பட்டு அலுமினியம் அரித்துப் பொடியாய் உதிர்ந்தது. சட்டம் தளர்ந்ததும் குழாய் இணைப்புகள் அசைந்து ஒழுகின. கணபதி ஷெட்டில் எத்தனை நாள் வெயிலில் வைத்தும் இது தெரியாமல் போனது. அங்கே காற்றில் உப்பு இல்லை. "கடல் தண்ணிய லாரியில கொண்டுவந்தேன், கடல் காத்தக் கொண்டுவராம உட்டுட்டேன்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். உக்கடத்துக்கு வரும் அதே மீன் லாரியில் பேனல்கள் திரும்பி வந்தன. மழைக்காலம் முடிவதற்குள் தருவதாக அந்தோணியம்மாளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கு அவரை உறங்கவிடவில்லை என்று ஷீலா சொல்கிறார்.

கடைசியாகப் பார்த்தது, அவர் இறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து, ஆலயத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையோடே ஷெட்டுக்கு வந்திருந்தார். செம்பும் அலுமினியமும் தொடாதபடி இடையில் ரப்பர் வைத்துப் புதிதாகப் பொருத்திய பேனல்கள் சுவரோரம் சாய்ந்திருந்தன. வெளியே மேகம்.

"ஒரு முழு நாள் வெயில் கெடைச்சாப் போதுங்க, பாத்துப்போடலாம்" என்றார். வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். திரும்பி வந்து குழாயைத் தொட்டார். மறுபடி வாசலுக்குப் போனார்.

"கொஞ்சம் உக்காருங்க" என்றேன்.

"நீங்க உக்காருங்க. ஸ்டூல் சும்மாதான் இருக்குது."

உட்கார்ந்தேன். அவர் வாசலில் நின்றார். சிறிது நேரம் கழித்து, "வாரேனுங்க, ஊட்டுல ஷீலா சோறு போட்டு வெச்சிருப்பா" என்று கிளம்பினார்.

நல்லடக்கம் முடிந்த மறுநாள் ஷெட்டுக்குப் போனேன். அந்தோணியம்மாளுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. ரங்கசாமி அங்கே நின்றுகொண்டிருந்தார். அவரும் அதே யோசனையில் வந்திருந்தார். குழாய்களில் அழுத்தத்தோடு தண்ணீர் ஏற்றி ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டதாகவும், எங்கேயும் ஒழுகவில்லை என்றும் சொன்னார். பேனலின் சூடு குழாய்க்குப் போவதை ரப்பர் தடுக்குமா, தடுத்தால் எவ்வளவு தடுக்கும் என்று வெயிலில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். "எனக்குப் பம்பு தெரியுமுங்க. இது அம்மிணிக்குத்தான் தெரியும். நான் தொட்டா வால்வை நானும் முழுக்கத் தொறந்துபோடுவனோன்னு பயமா இருக்குது" என்றார். இதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

ரூத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்வி. ஒரே பொருள் இரண்டு நன்மை தரும் என்று யார் மேடையில் அறிவித்தாலும், ஒன்று கூடும்போது மற்றது எவ்வளவு குறையும், அதை முடிவு செய்யப்போவது யார் என்று இப்போது கேட்கிறேன். பல கூட்டங்களில் அது யாருக்கும் பிடிக்காத கேள்வியாக இருக்கிறது. கூடவே ஒரு நிலைகொள்ளாமையும் அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை எழுதும்போதே மூன்று தடவை எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தேன்.

அந்தோணியம்மாளிடம் நேற்றுப் பேசினேன். ஒழுகல் இல்லை, வெயிலில் சோதனை பாக்கி, சோதிக்கத் தெரிந்தவர் இல்லை என்பதைச் சொன்னேன். ஒரு பொறியியல் கல்லூரி ஆசிரியரை ரங்கசாமி கேட்டிருக்கிறார். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அந்தோணியம்மாள், "தண்ணி எந்தச் சூட்டுல வந்தா சொட்டும்னு எனக்குத் தெரியும் சார். தெனமும் கைய வச்சுப் பாத்தவ நானு. நாங்க ரெண்டு மூணு பேரு லாரியில வந்துர்றோம். உங்க ஊருல வெயில் வந்தா மட்டும் சொல்லுங்க" என்றார்.

இப்போது நிலுவையில் உள்ளவை இவை. வெயில் சோதனை, வானம் தெளிந்ததும், தை மாதத்தில் நடக்கும் என்று ரங்கசாமி சொல்கிறார். ஷெட்டை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை ஷீலா அதுவரை முடிவு செய்யப்போவதில்லை. பேனல்கள் கடற்கரைக்குத் திரும்புமா என்பது சோதனைக்குப் பிறகுதான் தெரியும். இன்று காலை கணபதியில் மேகமூட்டம். மதியத்துக்கு மேல் சிறிது நேரம் வெயில் அடித்தது, போதவில்லை.